போரூரில் ஒரு லெஸ் பால்: செகண்ட் ஹேண்டில் வந்த போலி கிட்டாரைப் பிரித்துப் பார்த்தபோது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்ட், 2007, மேட் இன் யு.எஸ்.ஏ., விலை 85,000, கொஞ்சம் பேசலாம்" என்று விளம்பரத்தில் வந்த அந்த எலெக்ட்ரிக் கிட்டார் போலி. கிப்சன் ஒரு அமெரிக்க கிட்டார் கம்பெனி, லெஸ் பால் அதன் புகழ்பெற்ற மாடல். வேறு கம்பெனி கிட்டாரில் பெயரை மட்டும் மாற்றி ஒட்டியதுகூட இல்லை, மரம் அறுக்கும்போதே கிப்சன் என்று ஏமாற்றுவதற்காகச் செய்யப்பட்டது. எந்தத் தடயத்தை வைத்து அந்த முடிவுக்கு வந்தோம், பெரிய தடயம் மாதிரி தெரிந்தும் எதையெல்லாம் ஒதுக்கினோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன். இந்த விஷயத்தில் பலரும் செய்வது ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு டிக் அடிப்பது, மூன்று திருகு இருந்தால் போலி, இந்த எழுத்து இப்படி வளைந்தால் போலி என்று. அது பாதி நேரம்தான் வேலை செய்யும். கிட்டாரில் பாதிக்குப் பாதி பாகங்களைக் கழற்றி மாற்றலாம், அதனால் மாற்ற முடிந்த பாகத்தில் தெரியும் குறை எதையும் நிரூபிக்காது. மாற்றவே முடியாத இடங்கள் சில இருக்கின்றன, அங்கே பார்க்க வேண்டும். நான் சொல்ல வருவது இதைத்தான், மற்றதெல்லாம் விவரம்.

வாங்க நினைத்தவன் எங்களோடு வாசிக்கும் தம்பி ஒருத்தன், வேலை ஐ.டி.யில், இரண்டு வருடமாக லெஸ் பால் கனவு. "அண்ணா, நீங்க ஒரு தடவை வந்து பாத்துட்டா போதும், அப்புறம் பணம் கொடுத்துடறேன்" என்றான். நான் கடை வைத்திருப்பவன் இல்லை, ஆனால் நண்பர்களின் கிட்டார்களுக்கு செட்டப், ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வேலை, வயரிங் எல்லாம் செய்து கொடுத்துப் பழக்கம்.

ஏன் லெஸ் பாலையே இவ்வளவு பேர் போலியாகச் செய்கிறார்கள் என்பதற்கு விடை விலையில் இருக்கிறது. 1952-ல் வந்த மாடல், உலகம் முழுக்கத் தெரிந்த வடிவம், அமெரிக்காவிலேயே புதிய ஸ்டாண்டர்ட் ஒன்று 2,500 டாலருக்கு மேல், இங்கே கப்பல் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் எங்கேயோ போய் நிற்கும். போலியோ சில நூறு டாலருக்கு நேராக வீட்டுக்கே வரும். எவ்வளவு பெரிய வியாபாரம் என்று தெரிய ஒரு கணக்கு: 2024 டிசம்பரில் அமெரிக்க சுங்கத் துறை, லாஸ் ஏஞ்சலஸ் பகுதித் துறைமுகத்தில் ஆசியாவிலிருந்து வந்த 3,000-க்கும் மேற்பட்ட போலி கிப்சன் கிட்டார்களைப் பிடித்ததாக அறிவித்தது, அசலாக இருந்திருந்தால் அவற்றின் விலை 1.8 கோடி டாலரைத் தாண்டியிருக்கும். கிப்சன் பெயரில் வரும் லெஸ் பால் அமெரிக்காவில் மட்டும்தான் செய்யப்படுகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அதே வடிவத்தை ஆசியாவில் செய்து கிப்சன் விற்பது எபிஃபோன் என்ற பெயரில், அது 1957-லிருந்து கிப்சனுக்குச் சொந்தமான பிராண்ட், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. டோக்காய், கிரெக்கோ போன்ற ஜப்பான் கம்பெனிகள் செய்த லெஸ் பால் நகல்களும் அப்படித்தான், தன் பெயரைத் தலையில் எழுதிக்கொண்டு விற்றால் அது நகல், அடுத்தவன் பெயரை எழுதினால் போலி. இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல ஜப்பான் கிட்டாரைப் போலி என்று திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அது வேறு தலைவலி.

விளம்பரமும் விலையும்

85,000 என்பது சாமர்த்தியமான விலை. 20,000 என்று போட்டிருந்தால் யாரும் சந்தேகப்படுவார்கள், ஒன்றரை லட்சம் என்றால் வாங்குகிறவன் கவனமாகப் பார்ப்பான். நடுவில் ஒரு விலை வைத்தால் "அவசரத்துக்கு விற்கிறார் போல" என்று நாமே அவருக்காக ஒரு கதை கட்டிக்கொள்வோம். விற்பவர் இதைத் திட்டம் போட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. செகண்ட் ஹேண்டில் வரும் போலிகளில் பல, முன்னாடியே ஒருவர் ஏமாந்து நல்ல விலை கொடுத்து வாங்கியவை. அவர் போட்ட காசை எடுக்கப் பார்க்கும்போது விலை இயல்பாகவே அந்த நடு இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

படங்கள் அழகாக இருந்தன. முன்பக்கம் முழுதாக, மேப்பிள் மரத்தின் புலிக்கோடு தெரியும்படி ஒரு நெருக்கப் படம், பெட்டியோடு ஒன்று. இல்லாதவைதான் முக்கியம்: ஹெட்ஸ்டாக்கின், அதாவது கம்பி முறுக்கும் தலைப்பகுதியின், பின்பக்கம் இல்லை, கழுத்தருகே உடல் வளையும் கட்அவேயின் உள்பக்கம் இல்லை, பின்மூடியைத் திறந்த படம் இல்லை. மூன்றையும் அனுப்பச் சொல்லித் தம்பியைக் கேட்கச் சொன்னேன். எதுவும் சொல்லாமல் அனுப்பினால் நல்லது, "நேரில் வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னால் கொஞ்சம் யோசிக்கலாம். இவர் இரண்டு படம் அனுப்பினார், ஒன்று மங்கல், இன்னொன்றில் ஹெட்ஸ்டாக்கின் பின்னால் அழுத்திய எண் தெளிவாக இருந்தது.

02507451.

இந்த எண்ணே பாதி வேலையை முடித்துவிட்டது, ஆனால் பலர் நினைக்கும் விதத்தில் இல்லை.

எண்ணைப் படிப்பது

1977-லிருந்து கிப்சன் எட்டு இலக்க எண்ணை மரத்தில் அழுத்திப் பதித்தது. முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்தால் வருடம், இரண்டு முதல் நான்கு வரை அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, கடைசி மூன்றும் அன்றைய வரிசை எண். அந்தக் கணக்கில் 02507451 என்பது 0, 7 சேர்ந்து 2007, அதன் 250-வது நாள், அதாவது செப்டம்பர் 7, வரிசையில் 451. விற்பவர் சொன்ன வருடத்தோடு அழகாகப் பொருந்துகிறது. தம்பி இதை இணையத்தில் போட்டுப் பார்த்து "ஒரிஜினல்தான் அண்ணா" என்று சந்தோஷமாகவே செய்தி அனுப்பியிருந்தான்.

சிக்கல் என்னவென்றால் 2005-ன் நடுவில் கிப்சன் ஒன்பது இலக்கத்துக்கு மாறிவிட்டது. வருடம், நாள் எல்லாம் பழையபடி, நடுவில் தொகுதி எண் என்று ஒரு இலக்கம் கூடுதல். 2007 செப்டம்பரில் செய்த லெஸ் பால் ஸ்டாண்டர்டில் எட்டு இலக்கம் இருக்க வழியே இல்லை. பழைய கிட்டார் ஒன்றின் எண் முறையைப் பார்த்து அதில் புது வருடத்தைத் திணித்திருக்கிறார்கள், முறை மாறியது தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு எண் சரியாக இருந்தால் கிட்டார் சரி என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். உண்மையான கிட்டார் ஒன்றின் எண்ணை அப்படியே எடுத்து நூறு போலிகளில் பதிப்பதுதான் வழக்கம், அந்த எண்ணை கிப்சனிடமே கேட்டாலும் "ஆமாம், எங்களுடையது" என்றுதான் பதில் வரும். தலைகீழாகவும் நடக்கும். 1994-ல் கிப்சன் தன் நூற்றாண்டைக் கொண்டாடியபோது லெஸ் பால்களின் எண்ணை நேரடியாக 94 என்று ஆரம்பித்தது. நம் கணக்கில் அதைப் படித்தால் வருடத்தின் நானூற்றுச் சொச்சமாவது நாள் என்று வரும், அப்படி ஒரு நாளே கிடையாது, ஆனால் கிட்டார் அசல். 2014-ல் 14 என்று ஆரம்பித்ததும் அதே கதை. கிப்சனின் தனிப் பிரிவான கஸ்டம் ஷாப்பில் செய்யும் பழைய மாடல்களின் மறுபதிப்புகளில் எண்ணை அழுத்துவதற்குப் பதில் மையால் அச்சிடுவார்கள், அதைப் பார்த்து "பதிக்கவே இல்லையே" என்று பயப்படவும் கூடாது. எண் தவறாக இருந்தால் கேள்வி எழுப்பலாம், சரியாக இருந்தால் அடுத்த இடத்துக்குப் போகலாம், அவ்வளவுதான் அதன் பயன்.

அப்படியென்றால் ஏன் போரூரில் இருக்கும் விற்பவர் வீடு வரை போனோம்? ஹெட்ஸ்டாக் உடைந்து யாரோ மறுபடி பெயிண்ட் அடித்து எண்ணைத் தவறாகப் பதித்திருக்கலாம் என்று ஒரு மெல்லிய வாய்ப்பு. கிப்சன் ஹெட்ஸ்டாக் உடைவது ஊரறிந்த விஷயம், ஒரு தடவை ஸ்டாண்டிலிருந்து விழுந்தால் போதும். அதோடு தம்பி ஆசைப்பட்டான்.

கழற்றி மாற்றக்கூடியவை

விற்பவர் நாற்பதைத் தாண்டியவர், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். காபி வந்தது. "என் சித்தப்பா பையன் துபாய்ல இருந்தப்ப வாங்கினது சார், வர்றப்ப எனக்குக் கொடுத்துட்டான், நான் அவனுக்குப் பணம் கொடுத்தேன்" என்றார். பெட்டி, அதில் கிப்சன் என்று எழுத்து, கூடவே எண் எழுதிய ஒரு சான்றிதழ் தாள். பெட்டியையும் தாளையும் நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை, கிட்டாரையே போலியாகச் செய்கிறவனுக்குத் தாள் அச்சடிப்பதா பெரிய வேலை.

முதலில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரில் போட்டு வாசித்தோம். நன்றாகத்தான் இருந்தது. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "வாசிச்சுப் பாத்தாலே தெரிஞ்சிடும்" என்று சொல்கிறவர்கள் நிறைய. தெரியாது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், அதில் ஹம்பக்கர் வகையில் சுமாரானது இரண்டு, புதுக் கம்பி, கொஞ்சம் டிஸ்டார்ஷன் இருந்தால் சிறிய அறையில் எந்த லெஸ் பால் வடிவக் கிட்டாரும் சந்தோஷப்படுத்தும்.

ஹெட்ஸ்டாக்கின் மேல்விளிம்பு திறந்து வைத்த புத்தகம் மாதிரி நடுவில் இறங்க வேண்டும், போலியில் அந்த வளைவு சப்பையாக இருக்கும் என்பார்கள். இதில் வளைவு நன்றாகவே இருந்தது, அதை இப்போதெல்லாம் சரியாக வெட்டக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். கிப்சன் எழுத்தின் வடிவமும் அப்படித்தான், அசலிலேயே காலத்துக்குக் காலம் எழுத்து மாறியிருக்கிறது, 1970 வாக்கில் வந்த சில கிட்டார்களில் ஆங்கில 'ஐ' மேல் புள்ளியே இல்லை. எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது எனக்கு நேர விரயமாகத்தான் படுகிறது.

அனுமதி கேட்டுப் பின்மூடியைத் திறந்தேன். இந்த அனுமதி முக்கியம், கேட்காமல் அடுத்தவர் பொருளில் ஸ்க்ரூ டிரைவர் வைக்கக்கூடாது, வேண்டாம் என்று அவர் சொன்னால் வந்த வழியே போய்விடலாம். உள்ளே வால்யூம், டோன் கண்ட்ரோல் நான்கும் சின்ன வகை, சுமார் 16 மில்லிமீட்டர் அகலம். கிப்சன் போடுவது சி.டி.எஸ். கம்பெனியின் 24 மில்லிமீட்டர் வகை, முதுகில் 137 என்று ஆரம்பித்து வருடமும் வாரமும் சொல்லும் எண்ணோடு இருக்கும். பிக்கப் மாற்றும் சுவிட்சும் ஸ்விட்ச்கிராஃப்ட்டின் திறந்த உலோகச் சுவிட்சுக்குப் பதில் மூடிய பிளாஸ்டிக் பெட்டி. தம்பி என்னைப் பார்த்தான். விற்பவர் உடனே, "அதெல்லாம் அவன் மாத்தியிருப்பான் சார், அங்க ஒருத்தர்கிட்ட சர்வீஸ் கொடுத்தான்" என்றார்.

நியாயமான பதில். நல்ல சாமானைக் கழற்றி விற்றுவிட்டு மட்டமானதைப் போடுவது நடக்காத காரியம் இல்லை. நேர் எதிராக, போலி கிட்டாருக்குள் நல்ல சி.டி.எஸ். சாமான் வாங்கிப் போட்டு வயரிங் செய்து வைத்திருப்பதும் உண்டு, அதைத் திறந்து பார்த்து மயங்கினவர்களும் உண்டு. அதனால் இந்த அறையில் தெரிவதற்கு நான் பாதி மதிப்பெண்தான் கொடுப்பேன். இன்னொன்று, 2008 வாக்கில் கிப்சனே சில மாடல்களில் கையால் வயர் சாலிடர் செய்வதை விட்டுவிட்டு சர்க்யூட் போர்டு வைக்க ஆரம்பித்தது. "உள்ளே பச்சை போர்டு இருக்கு, சைனா" என்று கத்துவதற்கு முன் வருடத்தைப் பார்க்க வேண்டும்.

பிக்கப்பின் அடியில் ஒட்டும் ஸ்டிக்கரைப் பற்றி ஒரு சுவையான விஷயம் இருக்கிறது, இந்தக் கிட்டாரின் முடிவுக்கு அது தேவையில்லை என்றாலும் சொல்கிறேன். ஹம்பக்கரைக் கண்டுபிடித்த சேத் லவருக்கு 1959-ல் கிடைத்த காப்புரிமை எண் 2,896,491. ஆனால் அறுபதுகளில் கிப்சன் தன் ஹம்பக்கர் அடியில் ஒட்டிய எண் 2,737,842. அது லெஸ் பால் என்ற மனிதர் வடிவமைத்த, கம்பியின் முனையைப் பிடிக்கும் டெயில்பீஸுக்கான காப்புரிமை, பிக்கப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆக எண் தவறாக இருக்கிறது என்பதற்காக அந்த ஸ்டிக்கரைப் போலி என்று சொல்ல முடியாது, அசலே தவறு. அந்த ஸ்டிக்கர் தனியாகவே விற்கிறது என்பதால் சரியாக இருந்தாலும் பயனில்லை.

மாற்ற முடியாதவை

ஹெட்ஸ்டாக்கில் இருக்கும் ட்ரஸ் ராட் (கழுத்தை நேராக வைக்கும் கம்பி) மூடியில் மூன்று திருகு. லெஸ் பால் ஸ்டாண்டர்டில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டுதான். மூடியையும் மாற்றலாம் என்று அவர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட்டு அதைக் கழற்றினேன், ஏனென்றால் விஷயம் மூடிக்கு அடியில் இருக்கிறது. கிப்சனில் அங்கே மரையிட்ட கம்பியின் முனையில் ஒரு நட் இருக்கும், 5/16 அங்குல நட் டிரைவர் அதன்மேல் போய் உட்காரும். நான் அந்த டிரைவரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். இங்கே நட்டே இல்லை, கம்பியின் முனையில் ஆலன் கீ நுழையும் அறுகோணக் குழிதான் இருந்தது.

இதற்கு "சர்வீஸில் மாற்றினார்கள்" என்ற பதில் செல்லாது. ட்ரஸ் ராட் என்பது கழுத்துக்குள், ஃப்ரெட் பதித்த பலகையான ஃப்ரெட்போர்டுக்கு அடியில் புதைந்திருக்கும் இரும்புக் கம்பி. அதை மாற்ற ஃப்ரெட்போர்டையே பெயர்த்து எடுக்க வேண்டும். அப்படி ஒரு வேலை செய்தால் கிட்டார் விலையில் பெரிய பங்கு கூலியாகவே போய்விடும், செய்தாலும் ஒருவரும் அசல் வகையை எடுத்துவிட்டு வேறு வகையைப் போட மாட்டார்கள். எனக்கு ஆய்வு இங்கேயே முடிந்தது. மிச்சத்தைப் பார்த்தது தம்பிக்காகவும் விற்பவருக்காகவும்.

அடுத்து பிரிட்ஜ், உடல்மேல் கம்பிகளைத் தாங்கும் பாகம். கிப்சனில் மெல்லிய தூண், அதில் விரலால் திருப்பும் சக்கரம், அதன்மேல் பிரிட்ஜ் உட்கார்ந்திருக்கும். இதில் தூண் தடிமனாக, தலையில் ஸ்க்ரூ டிரைவர் வைக்கும் பெரிய வெட்டோடு, மரத்தில் அகலமான உலோகக் குழாய் அடித்து இறக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவில் செய்த கிட்டார் பெரும்பாலும் அங்குல அளவு, ஆசியாவில் செய்தது பெரும்பாலும் மில்லிமீட்டர் அளவு, திருகு மரையிலிருந்து கண்ட்ரோல் தண்டில் குமிழ் பிடிக்கும் பற்கள் வரை இந்த வித்தியாசம் பல இடத்தில் தலைகாட்டும். அங்குலக் குமிழ் ஒன்றைக் கையில் வைத்திருந்தால் மெட்ரிக் தண்டில் அது சரியாக இறங்காது. பிரிட்ஜ் தூணை மாற்ற முடியாதா என்றால் முடியும், துளையை அகலமாக்கித்தான் பெரிய குழாயை இறக்க முடியும், ஆனால் நல்ல கிப்சனில் மேப்பிளைத் துளைத்து மட்டமான தூணைப் பொருத்த யாருக்கும் காரணம் கிடையாது.

கட்அவே. கழுத்துப் பக்கம் உடல் உள்ளே வளையும் இடத்தில் விளிம்பைச் சுற்றி ஓடும் வெள்ளை பிளாஸ்டிக் பட்டையை, பைண்டிங்கை, கவனிக்க வேண்டும். லெஸ் பாலின் உடல் மஹாகனி, அதன் மேல் தடிமனான மேப்பிள் பலகை ஒட்டிச் செதுக்கியிருப்பார்கள். இந்தக் காலத்து கிப்சன் ஸ்டாண்டர்டில் பைண்டிங் எல்லா இடத்திலும் ஒரே அகலம்தான், அதனால் கட்அவேயில் பைண்டிங்குக்குக் கீழே மேப்பிள் ஒரு வெளிர்க் கோடாகத் தெரியும், மேலே இருக்கும் புலிக்கோடு பக்கவாட்டிலும் இறங்கி வரும். போலியில் அந்த இடத்தில் பைண்டிங் அகலமாகி மேப்பிள் இருக்க வேண்டிய இடத்தை மூடிவிடும், மூட வேண்டிய தேவையும் இருக்கிறது, ஏனென்றால் மேலே இருப்பது பெரும்பாலும் காகிதம் போன்ற வெனீர், அடியில் வேறு மரம். இந்தக் கிட்டாரில் பைண்டிங் அகலம். பிக்கப்பைச் சுற்றியுள்ள வளையத்தைத் தூக்கிப் பார்த்தபோது குழியின் ஓரத்தில் வெனீர் தாளின் முனை தெரிந்தது, அதற்குக் கீழே கோடே இல்லாத வெளிறிய மரம். முன்பக்கத்தை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தால் கோடு அசைகிறதா என்று சோதிக்கச் சொல்வார்கள். அச்சடித்த படம் என்றால் அசையாது, அதைப் பிடித்துவிடலாம், ஆனால் உண்மையான மேப்பிள் வெனீர் அழகாகவே அசையும், இதிலும் அசைந்தது.

ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கத்துக்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டேன், அங்கேதான் உடைந்து ஒட்டியதா என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. கிப்சன் கழுத்து ஒரே மஹாகனிக் கட்டையில் வரும், அந்தக் கட்டையின் அகலம் ஹெட்ஸ்டாக்குக்குப் போதாது என்பதால் இரண்டு பக்கமும் சின்னச் சிறகு போல மரத்துண்டு ஒட்டியிருப்பார்கள், ஹெட்ஸ்டாக்கின் மேல்முனையில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே நேராக இரண்டு ஒட்டுக் கோடு தெரியும். மலிவான தயாரிப்பில் மரத்தை மிச்சப்படுத்த, ஹெட்ஸ்டாக்கைத் தனியாகச் செய்து கழுத்தின் முனையைச் சரிவாக அறுத்து ஒட்டுவார்கள், ஸ்கார்ஃப் ஜாயிண்ட் என்பது அது. இங்கே சிறகுக் கோடு இல்லை. முதல் ஃப்ரெட்டுக்குப் பின்னால் குறுக்கே ஒரு கோடு இருந்தது.

"அதான் சார், உடைஞ்சிருக்கும்" என்றார் அவர், இப்போது குரலில் கொஞ்சம் நம்பிக்கை. உடைந்தால் மரம் தன் நாரோட்டத்தில்தான் கிழியும், ஒழுங்கில்லாமல், ஒரு பக்கம் ஏறியும் இன்னொரு பக்கம் இறங்கியும், ஓரத்தில் பெயிண்ட் தொட்ட இடம் நிறம் மாறியும் இருக்கும். இந்தக் கோடு இரண்டு பக்கத்திலும் ஒரே உயரத்தில் ஆரம்பித்து ரம்பத்தால் அறுத்த மாதிரி நேராக ஓடியது, கோட்டுக்கு இருபுறமும் மரத்தின் நார் வேறு வேறு திசை. உடைந்ததல்ல, அப்படியே செய்தது.

ஃப்ரெட் முனைகளையும் பார்த்தேன். 2007 கிப்சனில் ஃப்ரெட்டின் முனை பைண்டிங்குக்கு மேல் வராது, பைண்டிங்கே சின்ன மேடாக ஏறி முனையை மூடியிருக்கும், அதை நிப் என்பார்கள். இதில் ஃப்ரெட் பைண்டிங் மேல் ஓடியது. ஆனால் ஃப்ரெட் புதிதாகப் போட்டால் நிப் போய்விடும், 2014 வாக்கில் கிப்சனே தன் வழக்கமான மாடல்களில் நிப் வைப்பதை விட்டுவிட்டது, அதனால் இது தனியாக நின்று பேசாது.

பெயிண்ட் பற்றி ஒரு வரி. கிப்சன் அடிப்பது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். அது நம் ஊர் வியர்வையில் கை படும் இடத்தில் மங்கும், சில ரப்பர் ஸ்டாண்டுகளில் வைத்தால் கறையாகும், வருடம் ஆக ஆக அல்ட்ராவயலட் விளக்கில் வெளிறிய மஞ்சள்பச்சையாக ஒளிரும். இது கண்ணாடி போல அப்படியே பளபளத்தது. அசிட்டோன் தொட்டுப் பார்க்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அடுத்தவர் கிட்டாரில் அதைச் செய்பவரை நான் வீட்டுக்குள் விட மாட்டேன்.

அசலைப் போலி என்று சொல்லிவிடும் ஆபத்து

கிப்சன் அசலிலேயே விசித்திரங்கள் செய்யும் கம்பெனி. 2015 லெஸ் பாலை எடுத்துக்கொள்ளுங்கள். லெஸ் பால் என்ற மனிதரின் நூறாவது பிறந்த ஆண்டு என்று வழக்கமான எழுத்துக்குப் பதில் அவருடைய கையெழுத்தையும் 100 என்பதையும் ஹெட்ஸ்டாக்கில் போட்டார்கள், பின்னால் ஹோலோகிராம் ஸ்டிக்கர், தானாக ட்யூன் செய்யும் மோட்டார், கழுத்து முனையில் கம்பிகள் உட்காரும் நட் பித்தளையில், வழக்கத்தைவிட அகலமான கழுத்து. தெரியாதவர் கையில் கொடுத்தால் முதல் நிமிடத்திலேயே போலி என்பார்.

2012-ஐச் சுற்றிய கிட்டார்களில் ஃப்ரெட்போர்டு குழப்பும். அதன் பின்னணியில் நம் நாட்டு மரம் இருக்கிறது. கிப்சன் ஃப்ரெட்போர்டுக்கு வாங்கிய ரோஸ்வுட்டில் பெரும் பங்கு இந்திய ஈட்டி மரம், நீலகிரியிலும் குடகிலும் வயநாட்டிலும் வளர்வது. 2009-ல் மடகாஸ்கர் கருங்காலிக்காகவும் 2011 ஆகஸ்டில் இந்திய ஈட்டிக்காகவும் அமெரிக்க அரசு அதிகாரிகள் கிப்சன் தொழிற்சாலைகளைச் சோதனை போட்டு மரத்தைக் கைப்பற்றினார்கள். 2012-ல் கிப்சன் 3 லட்சம் டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டு சமரசம் செய்தது. இடைப்பட்ட காலத்தில் ஈட்டிக்குப் பதில் சுட்டுக் கருக்கிய மேப்பிள், கருங்காலிக்குப் பதில் ரிச்லைட் என்ற காகிதப் பிசின் பலகை எல்லாம் வந்தன. அந்த வருடத்து அசல் ஒன்றை "இது ரோஸ்வுட்டே இல்லை" என்று சொல்லி ஒருவர் வேண்டாம் என்று விட்டால் நஷ்டம் அவருக்குத்தான். 1970-களில் மூன்று துண்டு கழுத்து, அப்புறம் மேப்பிள் கழுத்து, ஹெட்ஸ்டாக்குக்குப் பின்னால் ஒரு மேடு என்றெல்லாம் வந்ததும் அசல்தான். ஆகவே சொல்லப்படும் வருடத்துக்கு எது பொருந்தும் என்று கேட்க வேண்டும், எல்லா வருடத்துக்குமான ஒரே விதி கிடையாது.

பேசி முடித்தது

விற்பவரிடம் போலி என்ற சொல்லை எடுத்த எடுப்பில் வீசவில்லை. அவரை உட்கார வைத்து, ட்ரஸ் ராட் முனையையும் ஹெட்ஸ்டாக் கோட்டையும் காட்டி, இது அமெரிக்காவில் செய்ததாக இருக்க முடியாது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தம்பி கொடுக்க இருந்ததைவிட அதிகமான பணத்தை அவரே கொடுத்திருக்கிறார் என்று பேச்சில் தெரிந்தது. போலியை விற்கிறவர் எல்லாரும் மோசடிக்காரர் இல்லை, அதனால் சண்டை போடுவதில் அர்த்தமும் இல்லை, ஆனால் அவர் நல்லவராகத் தெரிவதை வைத்துக் கிட்டாரை எடை போடவும் கூடாது.

தம்பி வெளியே வந்து, "15,000-க்குக் கொடுப்பாரா அண்ணா, பிராக்டிஸுக்கு?" என்றான். வேண்டாம் என்றேன். வாசிக்க முடியாத கிட்டார் இல்லை அது, ஆனால் ட்ரஸ் ராட் எந்தத் தரம் என்று தெரியாது, ஆறு மாதத்தில் கழுத்து வளைந்தால் சரிசெய்ய ஆகும் செலவுக்கு வேறு கிட்டார் வாங்கலாம். அதோடு நாளைக்கு அவனால் அதை விற்க முடியாது. வணிகக் குறிகள் சட்டம், 1999-ன் 104-ஆம் பிரிவின்படி போலி வணிகக் குறியுள்ள பொருளை விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தேவையான கவனத்தோடு இருந்தும் சந்தேகப்படக் காரணம் எதுவும் இருக்கவில்லை என்று விற்றவர் நிரூபித்தால் தப்பலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. எங்களிடம் பேசிய பிறகு போரூர்க்காரருக்கு அந்தச் சலுகை இல்லை, தம்பி வாங்கியிருந்தால் அவனுக்கும் இருந்திருக்காது. இதை அவரிடமும் சொன்னேன், துபாயில் வாங்கிய அந்தச் சித்தப்பா பையனிடமே பேசிப் பார்க்கச் சொன்னேன். அன்று இரவே விளம்பரத்தை எடுத்துவிட்டார்.

தம்பி அப்புறம் வாங்கியது ஒரு பழைய எபிஃபோன் லெஸ் பால், போரூர்க் கிட்டாருக்குச் சொன்ன விலையில் பாதிகூட இல்லை. அதிலும் ட்ரஸ் ராடுக்கு ஆலன் கீதான், பிரிட்ஜ் தூண் தடிமன்தான், கட்அவேயில் பைண்டிங் அகலம்தான். ஹெட்ஸ்டாக்கில் எபிஃபோன் என்றே எழுதியிருக்கிறது.